அசல் எது, போலி எது? சிப்பாயின் தோள் சின்னம் சொல்லும் கதை!

உள்ளங்கையில் அடங்கும் ஒரு துண்டுத் துணி. அதைப் பணம் கொட்டி வாங்க ஆட்கள் இருக்கிறார்கள்!

அதுதான் 2-வது உலகப்போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் சட்டைக் கையில் தைத்திருந்த தோள் சின்னம். கிராக்கி உள்ள பொருளுக்குப் போலி வராமல் இருக்குமா? வந்துவிட்டது!

காட்டுப்பூனை

இந்த வழக்கம் பிறந்தது 1918-ல். 81-வது டிவிஷன் சிப்பாய்கள் காட்டுப்பூனை உருவத்தைத் தோளில் தைத்துக்கொண்டார்கள். "இவர்களுக்கு மட்டும் என்ன தனிச் சின்னம்?" என்று மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். விஷயம் மேலிடத்துக்குப் போனது. தடை வரவில்லை. மற்ற டிவிஷன்களும் சின்னம் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி வந்தது!

ஓரத்தைப் பாருங்கள்

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் ஓரம். போர்க்காலச் சின்னத்தில் பூவேலை முடிந்ததும் ஓரத்தை ஒட்டிக் கத்தரித்து விடுவார்கள். கயிறு சுற்றியது போல் தடித்த ஓரத்தையல் பட்டாளச் சின்னங்களில் பரவியது 1960-களில்தான். "1944-ல் போட்டது" என்று சொல்லி, தடித்த ஓரம் வைத்த சின்னத்தை ஒருவர் நீட்டினால் உஷார்!

நூல் பேசும்

அடுத்தது நூல். போர்க்காலத்தில் பெரும்பாலும் பருத்தி நூல். பாலியெஸ்டர் நூல் 1941-ல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் கடைகளுக்கு வந்தது 1950-களில்தான்.

பின்புறம் தொங்கும் ஒரே ஒரு நூலைக் கத்தரித்துக் கொளுத்தினால் உண்மை தெரியும். பருத்தி, காகிதம் போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். (பெரியவர்கள் மட்டும் செய்யவேண்டிய சோதனை இது!)

கள்ள நோட்டைப் பிடிக்கும் ஊதா விளக்கும் உதவும். இருட்டில் அதைப் பிடித்தால் புதிய செயற்கை நூல் பளிச்சென்று ஒளிரும். பழைய பருத்தி பெரும்பாலும் ஒளிராது.

அவசரம் வேண்டாம்!

ஒளிர்ந்த உடனே "போலி" என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஏன்? இன்றைய சலவைத்தூளில் ஒளிரும் மருந்து கலந்திருக்கிறது. தாத்தாவின் சின்னத்தைப் பேரன் துவைத்திருந்தால் அசலும் ஒளிரும்!

தையல் கோணலாக இருந்தாலும் ஒதுக்கவேண்டாம். இத்தாலியிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்த சிப்பாய்கள் உள்ளூர் தையல்காரரிடம் சின்னம் செய்து வாங்கியதுண்டு.

சோதனையில் தேறிவிட்டால் அசல்தானா? அப்படியும் சொல்லமுடியாது. பருத்தி நூல் இன்றும் கிடைக்கிறதே!

அசல் சின்னம், பொய்ப்படை

ஒரு வேடிக்கை கேளுங்கள். 1944-ல் பிரான்சில் அமெரிக்காவின் ரகசியப்படை ஒன்று இருந்தது. சுமார் 1,100 பேர். ரப்பர் டாங்கிகளைக் காற்றடித்து நிறுத்துவார்கள். வேறு டிவிஷன்களின் சின்னங்களைத் தைத்துக்கொண்டு ஊருக்குள் உலாவுவார்கள். "பெரும்படை இங்கே இருக்கிறது" என்று எதிரியை ஏமாற்றத்தான் இந்த வேஷம்! பல உயிர்களைக் காத்த அவர்களுக்கு 2024-ல் அமெரிக்கக் காங்கிரசின் தங்கப்பதக்கம் வழங்கப்பட்டது.

சின்னம் அசலாக இருந்தால் மட்டும் போதாது. அதை அணிந்தவர் யார் என்பதும் தெரியவேண்டும்.

போலி விற்பவன் பணத்தை மட்டும் திருடவில்லை. போரில் செத்தவனின் பெயரையும் சேர்த்து விற்கிறான்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பட்டாளத்துக்குப் போனவரின் சின்னம் இருக்கலாம். துவைக்காதீர்கள். அவர் பெயர், படை, ஆண்டு மூன்றையும் ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள். ஊதா விளக்கு சொல்லாததை அந்தத் தாள் சொல்லும்.