ஊர் சேர்ந்தால்தான் உதவித்தொகை

ஜப்பான் என்றதும் காரும் கைக்கடிகாரமும் நம் நினைவுக்கு வரும். மலைச்சரிவில் படிப்படியாய் இறங்கும் அந்நாட்டு நெல்வயல்களைப் பற்றி நாம் பேசுவது குறைவு.

இரண்டாம் உலகப் போர் முடியும் வரை அங்கே விளைநிலத்தில் ஏறக்குறைய பாதி குத்தகை நிலம். 1946இல் வந்த நிலச்சீர்திருத்தம் உழுதவரையே உரிமையாளர் ஆக்கியது. நிலம் பிரிந்தது, தண்ணீர் பிரியவில்லை. மேல் வயலைத் தாண்டித்தான் கீழ் வயலுக்கு நீர் வரவேண்டும். ஆகவே வாய்க்காலைத் தூர்வார ஊரே திரண்டு வருவது வழக்கம்.

அரசாங்கமும் இந்தக் கட்டுப்பாட்டையே நம்பியது. அரிசி மிஞ்சிப்போய், 1970 முதல் நெல் பரப்பைக் குறைக்கச் சொன்னபோது, யார் எவ்வளவு குறைப்பது என்பதைப் பல ஊர்கள் கூடிப் பேசித்தான் தீர்த்தன. 'விளைவிக்காதே' என்று உழவரிடம் சொல்வது எளிதா என்ன!

2000ஆம் ஆண்டில் மலைப்பகுதிகளுக்கு உதவித்தொகை வந்தது. செங்குத்தான நெல்வயலானால் கால் ஏக்கர் அளவுக்கு 21,000 யென். ஆனால் ஊரார் சேர்ந்து ஒப்பந்தம் எழுதவேண்டும். ஐந்தாண்டுக்கு நிலத்தைத் தரிசு போடக்கூடாது. தக்க காரணமின்றி ஒருவர் கைவிட்டாலும் ஊரே பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்றது தொடக்கக்கால விதி. பிள்ளைகள் பட்டணத்தில், எழுபதைத் தாண்டிய பெரியவர் ஐந்தாண்டுக்கு எந்தத் துணிவில் கையொப்பமிடுவார்? பின்னர் விதி தளர்ந்தது.

உழவையே முதன்மைத் தொழிலாகக் கொண்டோரின் சராசரி வயது 2020இல் ஏறத்தாழ 68. சில ஊர்களில் வயல்களை ஒன்றுசேர்த்துப் பொது டிராக்டரில் உழுகிறார்கள். ஏர் பிடிக்க முடியாதவர் வரப்புப் புல்லை வெட்டுகிறார்.