பாத்தியும் மடையும்

மரக்காணத்து உப்பளங்களில் பாத்தி நிறைந்ததும் மடையை அடைத்துவிடுவார்கள். நம் உடலிலும் அத்தகைய மடை உண்டு.

ஆண்மைக்குரிய டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனை அறிஞர்கள் 1935ஆம் ஆண்டில் பிரித்தெடுத்தனர். அது ஊறுவது விரைகளில். ஊறும்படி ஏவுவது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி. இரத்தத்தில் அளவு நிறைந்தால் ஏவல் குறையும்.

என்னிடம் பயின்ற உப்பளத் தொழிலாளர் ஒருவர் அண்மையில் வந்தார். புதிதாக மணமானவர். "ஐயா, களைப்பு தாங்கவில்லை. இந்த ஹார்மோன் ஊசி போட்டால் பிள்ளைப்பேறும் விரைவில் வாய்க்குமாமே?" என்றார்.

"தம்பி, பாத்தியில் எவரோ குடம் குடமாக நீரை ஊற்றினால் மடை காப்பவர் என்ன செய்வார்?"

"மடையைத் திறக்கமாட்டார்" என்றவர், சற்றே திகைத்தார்.

ஆம், ஊசியால் பிட்யூட்டரியின் ஏவல் அடங்கும், விந்தணு குன்றும், சிலருக்கு அறவே நிற்கும். நிறுத்தியபின் மீளவும் பல திங்கள் ஆகலாம். சுரப்பியே பழுதுற்றவர்க்கு அவ்வூசி நன்மருந்துதான். ஆனால் மகவு வேண்டுவோர்க்கு மருத்துவர் வேறு வழி காண்பர். உடற்பருமனால் அளவு குறைந்தவர்க்கோ, எடை குறைந்தாலே அது உயர்வதுண்டு.

இந்த ஹார்மோன் காலையில் மிகுந்திருக்கும். ஆதலின் வெவ்வேறு இரு நாட்களில், காலையிலேயே, இரத்தம் சோதிக்கவேண்டும். இரண்டு நாட்கூலி போயிற்றே என்று முணுமுணுத்தவாறே அவர் சென்றார். இரு முறையும் அளவு சரியாகவே இருந்தது. களைப்புக்குக் காரணம் இரத்தசோகை.