ஆமைக்கு உறவு யார்?

ஒரு குடும்பத்தின் வம்சாவளியை எழுதப் புகுந்தவனுக்குப் பெரியவர்களின் ஞாபகமும் பழைய பத்திரங்களும் துணை நிற்கும். ஆனால் மனிதனும் குதிரையும் ஈஸ்டும் எந்த மூதாதையிடமிருந்து கிளைத்தன என்பதற்குச் சாட்சி சொல்வார் யாரும் இல்லாத நிலையில், 1967ஆம் ஆண்டில் வால்டர் ஃபிட்ச், இமானுவேல் மார்கோலியாஷ் என்ற இரு விஞ்ஞானிகள், சைட்டோகுரோம் சி என்ற ஒரே ஒரு புரதத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள்.

மனித தேகத்தில் அப்புரதம் 104 அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. ரீசஸ் குரங்கின் மாலையில் ஒரு மணிதான் வேறு. ஈஸ்டின் மாலையிலோ நாற்பதுக்கும் மேல். இவ்வித்தியாசங்கள் தோன்ற மரபணுவில் குறைந்தபட்சம் எத்தனை எழுத்துகள் திரிந்திருக்க வேண்டும் என்று எண்ணி, அதையே தூரமாகக் கொண்டு, 20 ஜீவராசிகளை ஜோடி ஜோடியாக ஒப்பிட்டு 190 தூரங்களை அவர்கள் பட்டியலிட்டார்கள்.

பட்டியலிலிருந்து விருட்சம் முளைப்பது எப்படி? மூன்று ஊர்ப் பாதைகள் ஒரு முச்சந்தியில் கூடுகின்றன. சந்தியைக் கண்டவர் இல்லை. முதல் ஊரிலிருந்து இரண்டாவது ஊர் 10 மைல், மூன்றாவது 14 மைல், பின்னவை இரண்டுக்கும் இடையே 16 மைல் என்றால், 10ஐயும் 14ஐயும் கூட்டி, 16ஐக் கழித்து, மிஞ்சிய 8ஐப் பாதியாக்க, முதல் ஊரிலிருந்து சந்தி 4 மைலில் இருப்பது புலப்படும். மற்ற ஊர்களுக்கு அது 6 மைல், 10 மைல். மறைந்துபோன மூதாதை நின்ற இடமே அந்தச் சந்தி. மிக நெருங்கிய இரண்டை முதலில் இணைத்து, அவற்றை ஒரே குடும்பமாகப் பாவித்துச் சராசரித் தூரம் கண்டு, மீண்டும் மீண்டும் இணைத்துப் போனால் விருட்சம் பூர்த்தியாகும்.

ஒரு கிளை மட்டும் வேகமாக மாறியிருந்தால் நெருக்கம் என்பதே நம்மை ஏமாற்றிவிடும். அந்த ஆபத்தைக் குறைக்கும் கணக்கு முறையொன்றை 1987இல் சைத்தோ, நெய் என்ற இரு விஞ்ஞானிகள் வகுத்தார்கள்.

ஃபிட்சும் மார்கோலியாஷும் வரைந்த விருட்சத்தில் இரண்டு விநோதங்கள் இருந்தன. வயிற்றுப் பையில் குட்டி சுமக்கும் கங்காரு பிரிவதற்கு முன்பே குரங்கினமும் மனிதனும் பாலூட்டிகளின் அடிமரத்தை விட்டுக் கிளைத்ததாக அது காட்டியது. இது பிழை; 104 மணிகள் கொண்ட ஒரே மாலையிடம் இவ்வளவு நுட்பத்தை எதிர்பார்த்திருக்கக் கூடாது. ஆமையை, ஊர்வனவாகிய விரியன் பாம்பின் பக்கத்தில் வைக்காமல், கோழியும் புறாவும் இருக்கும் கிளையின் அருகில் வைத்ததும் அக்காலத்தில் பிழையாகவே தோன்றியிருக்கும். பிற்பாடு ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோதும் ஆமை பாம்போடு சேரவில்லை. பறவைகளும் முதலைகளும் இருக்கும் கிளையோடுதான் போய்ச் சேர்ந்தது.