ஆலையில் அடிபட்டால் ஈ.எஸ்.ஐ. நின்றுவிடுமா?

சிறு விவசாயக் குடும்பங்கள் பலவற்றில் ஒருவர் பஞ்சாலைக்கோ பனியன் கம்பெனிக்கோ செல்கிறார். அங்கு அடிபட்டு வீட்டில் இருந்தால், சம்பளப் பிடித்தம் நின்றதும் வைத்தியமும் நின்றுவிடும் என்று அஞ்சி வட்டிக்குக் கடன் வாங்குகிறார்கள். தேவையே இல்லை. வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் ஈ.எஸ்.ஐ. சிகிச்சை உண்டு, குடும்பத்தாருக்கும் தொடரும்.

விபத்து நாள் நீங்கலாக மூன்று நாட்களாவது வேலை செய்ய இயலாதிருந்தால், சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். இதற்கு ஈ.எஸ்.ஐ. டாக்டரின் சான்று வேண்டும். விபத்தை ஆலையின் விபத்துப் பதிவேட்டில் உடனே எழுதச் செய்யவும்.

நம்மவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள்! கட்டுப் போட்ட கையோடு மடை திருப்பப் போவார்கள். குணமாவதைத் தாமதப்படுத்தும் எந்த வேலையும் செய்யக்கூடாது என்பது விதி. மண்வெட்டியை வேறொருவர் எடுக்கட்டும்.