மட்டாஞ்சேரி கூறும் விடை

கொச்சிக்குச் செல்லும் தமிழன்பர்கள் மட்டாஞ்சேரியின் கடைவீதிகளில் ஒரு நாழிகை நடந்து பார்த்திருக்கக் கூடும். சுக்கு, மிளகு இவற்றின் மணத்தோடு அங்கே நாம் உணர்வது, பல சமயத்தாரின் வழிபாட்டிடங்கள் நெருங்கி நிற்பதாகும். 1568-இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக் கூடம், கொச்சி அரசரின் அரண்மனைக் கோயிலுக்கு அண்டை வீடு போன்றது. அதற்குரிய நிலத்தை அளித்தவரும் அவ்வரசரே. சிறிது தொலைவில் கொச்சங்காடியில் செம்பிட்ட பள்ளி என்னும் தொன்மையான மசூதி உள்ளது. கட்சி மேமன்கள், தக்கணிகள், நம் இராவுத்தர்கள் எனப் பல மரபு முஸ்லிம்கள் இப்பகுதியில் வாழ்கின்றனர். மதவெறிக்கும் இஸ்லாமின் போதனைக்கும் பொருத்தம் உண்டா என்ற வினாவை ஆராய இதைவிடத் தக்க இடம் வேறு வேண்டுவதில்லை.

முதலில் சொல்லைத் தெளிவு செய்துகொள்வோம். ‘அடிப்படைவாதம்’ என நாம் வழங்கும் சொல்லின் ஆங்கில மூலம் முஸ்லிம்களிடையே பிறந்ததன்று. 1910 முதல் 1915 வரை அமெரிக்காவில் புராட்டஸ்டண்டுக் கிறித்தவர்கள் வெளியிட்ட சிறுநூல் வரிசையின் தலைப்பிலிருந்து அது தோன்றிற்று. ஒருவர் தம் சமயத்தின் அடிப்படைகளை உறுதியாகப் பற்றி, ஐவேளைத் தொழுது, நோன்பு நோற்பாராயின் அதில் பிறர்க்கு யாதொரு தீங்கும் இல்லை. நாம் ஆராய வேண்டுவது, தம் கொள்கையைப் பிறர்மீது வலிந்து சுமத்துவதும், இணங்காதவரைத் தண்டிக்கும் உரிமையைத் தாமே எடுத்துக்கொள்வதுமாகிய போக்கையே.

இதுபற்றித் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் ஐயத்திற்கு இடமின்றிப் பேசுகிறது. சமயத்தில் வற்புறுத்தல் கூடாது என்பது அதன் 256-ஆம் வசனத்தின் கருத்து. வேதத்தையுடையோர் தம் மார்க்கத்தில் வரம்பு மீறலாகாது என்று நான்காம் அத்தியாயம் எச்சரிக்கிறது. இன்னும் வியப்புக்குரியது 22-ஆம் அத்தியாயம். மடங்களும் மாதாகோயில்களும் யூதர் ஆலயங்களும் மசூதிகளும் இடிபடாமல் காக்கப்படுவதை இறைவன் செயலாக அது ஒரே மூச்சில் கூறுகிறது. போர் பற்றிய வசனங்களும் உண்டே என்பார் உளர். உண்டு, அதை மறுப்பது நேர்மையாகாது. ஆயின், எதிர்த்துப் போரிடுவோருடன் போரிடுக என்னும் கட்டளையோடு வரம்பு கடவாதீர் என்னும் தடையும் அதே வசனத்தில் இணைந்தே வருகிறது. தடையை விட்டுவிட்டுக் கட்டளையை மட்டும் எடுத்தோதுவதே தீவிரவாதியின் வழக்கம்.

இனித் தமிழராகிய நாம் பெருமைப்படத்தக்க ஒரு செய்தி. மலபார் முஸ்லிம்களின் அறிவுலகை உருவாக்கிய மக்தூம் குடும்பத்தார் மஃபர் என அரேபியர் அழைத்த நம் சோழமண்டலக் கரையிலிருந்து கொச்சிக்குக் குடிபெயர்ந்தவர்கள். கொச்சியில் பிறந்த முதலாம் ஜைனுத்தீன் மக்தூம் பொன்னானி சென்று புகழ்பெற்ற கல்விநிலையத்தை நிறுவினார். அவருடைய பேரர் இரண்டாம் ஜைனுத்தீன் 16-ஆம் நூற்றாண்டில் ‘துஹ்பத்துல் முஜாஹிதீன்’ என்னும் வரலாற்று நூலை அரபியில் இயற்றினார். போர்த்துகீசியரை எதிர்த்துப் போரிடத் தூண்டும் நூல் அது. எனினும் அப்போர் எவர் பக்கம் நின்று? இந்து அரசராகிய கோழிக்கோட்டுச் சாமூதிரியின் பக்கம் நின்று. முஸ்லிம் அல்லாத மலபார் அரசர்கள் முஸ்லிம்களை மதித்து நடத்தியதையும், காஜிகளுக்கும் பாங்கு சொல்வோருக்கும் படி அளந்ததையும் ஆசிரியர் நன்றியோடு எழுதுகிறார். அவர் எதிர்த்தது கொடுமையையே. அண்டை வீட்டானின் சமயத்தையன்று.

இதனால் மலபாரில் எந்நாளும் பாலும் தேனும் ஓடின என்று நாம் கருதிவிடலாகாது. 1524-ஆம் ஆண்டளவில் கொடுங்கல்லூரில் ஒரு முஸ்லிமை யூதர் கொன்றதாக மூண்ட பூசலில், முஸ்லிம்கள் திரண்டு யூதர் பலரைக் கொன்று அவர்தம் வீடுகளையும் ஆலயங்களையும் அழித்தனர். கிறித்தவர்களின் ஆலயங்களும் எரிந்தன. இதையும் அந்நூலே மறைக்காமல் கூறுகிறது. மிளகு வாணிபப் போட்டியும் இதில் கலந்திருந்தது. பணப்பை கனக்கும் இடத்தில் வேதத்தின் தடையும் சில வேளை காதில் விழுவதில்லை போலும்.

அண்மைக் காலத்திலும் ஓர் உதாரணம் உண்டு. கொச்சிக்குக் கிழக்கே மூவாற்றுப்புழையில் 2010 ஜூலை 4 அன்று, கல்லூரித் தேர்வு வினாத்தாளில் நபிகளை இழிவு செய்துவிட்டார் எனக் கூறி, பேராசிரியர் டி. ஜே. ஜோசப்பின் வலக்கையைச் சிலர் வெட்டினர். கொச்சியிலுள்ள தேசியப் புலனாய்வு முகமை நீதிமன்றம் 2015-இலும் 2023-இலும் குற்றவாளிகளுக்குத் தண்டனை வழங்கிற்று. இஸ்லாமியச் சட்டத்தின்படியே பார்ப்போம். தண்டிக்கும் அதிகாரம் ஆட்சியாளருக்கும் அவர் அமர்த்திய காஜிக்கும் உரியதேயன்றி, தெருவில் நிற்கும் நால்வருக்கு உரியதன்று. ஆதலின் மார்க்கத்தைக் காக்கப் புறப்பட்டவர்கள் மார்க்கச் சட்டத்தையே முதலில் மீறினர். இது புதிய நோயன்று. தம்மோடு உடன்படாத முஸ்லிம்களைக் காபிர் என்று தீர்ப்பளித்த காரிஜியாக்கள் என்போர் ஏழாம் நூற்றாண்டிலேயே தோன்றினர். 661-இல் நபிகளின் மருமகனாராகிய அலீ அவர்களைக் கூபா நகர மசூதியில் வாளால் வெட்டியவன் அக்கூட்டத்தைச் சேர்ந்தவனே. அன்று முதல் அக்கூட்டத்தின் வழியை உலமாக்கள் பெரும்பாலோர் வழிகேடு என்றே ஒதுக்கி வந்துள்ளனர்.

மீண்டும் மட்டாஞ்சேரிக்கு வருவோம். யூதர்களிற் பெரும்பாலோர் இஸ்ரேல் சென்றுவிட, யூதத் தெருவில் தங்கிவிட்ட சிலருள் சாரா கோஹன் என்னும் மூதாட்டி ஒருவர். யூதர் அணியும் தொப்பிகளுக்குப் பூவேலை செய்து விற்கும் சிறு கடை அவருடையது. சிறுவனாக அத்தெருவில் பொருள் விற்றுத் திரிந்த முஸ்லிம் ஒருவர், பிற்காலத்தில் தம் மனைவியுடன் அவரைத் தாயினும் மேலாகப் பேணினார். பூவேலையை அம்மனைவி மூதாட்டியிடமே கற்றுக்கொண்டார். 2019 ஆகஸ்டில், 96-ஆம் வயதில் அம்மூதாட்டி மறைந்தார். அதன் பின்னும் கடையை அக்குடும்பமே அவர் பெயரிலேயே நடத்தி வந்தது.