சித்தி ஓட்டக்காரர்கள்: ரத்தத்தை நம்பித் தொடங்கிய ஒரு விளையாட்டுத் திட்டம்

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு வட்டாரக் காட்டோரங்களிலும், குஜராத்தில் கிர் காட்டை ஒட்டிய ஜாம்பூர் போன்ற ஊர்களிலும் வாழும் சித்தி இனத்தவர், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். கர்நாடகத்தில் இருப்பவர்கள் கன்னடமும் கொங்கணியும் பேசுகிறார்கள். குஜராத்தில் இருப்பவர்களுக்குக் குஜராத்திதான் பேச்சு. இந்து, கிறிஸ்தவம், இஸ்லாம் ஆகிய மூன்று மதங்களையும் பின்பற்றுவோர் இவர்களுக்குள் உண்டு. 1980களில் இந்தச் சமூகத்துப் பிள்ளைகளைத் தடகள வீரர்களாக்க இந்திய அரசு ஒரு திட்டம் தீட்டியது. சில ஆண்டுகளிலேயே அது நின்றுபோனது. தொடங்கிய காரணமும் நின்ற காரணமும் உலகத் தடகளத்தில் கறுப்பின வீரர்களின் வரலாற்றோடு பிணைந்தவை.

அடிமைகளும் அரசர்களும்

அரபு வணிகர்களின் கப்பல்களிலும், பின்னர் போர்த்துகீசியரின் கப்பல்களிலும் ஆப்பிரிக்கர்கள் இந்தியாவின் மேற்குக் கரையில் வந்து இறங்கினார்கள். சிலர் மாலுமிகள், சிலர் படைவீரர்கள், பலர் அடிமைகள். எத்தியோப்பியாவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்ட மாலிக் அம்பர், அகமதுநகர் அரசை நடத்தும் நிலைக்கு உயர்ந்தார். 1626இல் இறக்கும்வரை முகலாயப் படைகளைத் தக்காணத்தில் திணறடித்தவர் அவர். ஜஞ்சிராக் கடற்கோட்டையைச் சித்தி நவாபுகள் இந்திய விடுதலைவரை ஆண்டார்கள். கர்நாடகக் காடுகளில் இருப்பவர்களின் கதை வேறு. கோவாவில் போர்த்துகீசிய எசமானர்களிடமிருந்து தப்பி, மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் ஒதுங்கியவர்களின் சந்ததியினர் இவர்கள் என்று கருதப்படுகிறது. தேனெடுப்பதும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்வதுமாகவே பல தலைமுறைகள் கழிந்தன.

திட்டம் பிறந்த சூழல்

உலகத் தடகளத்தில் கறுப்பின வீரர்களின் வெற்றிகள் நெடுநாளாகத் தொடர்ந்துவந்தன. 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் ஜார்ஜ் போக் தடை ஓட்டங்களில் இரண்டு வெண்கலம் வென்று, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆனார். 1924இல் பாரிஸில் நீளம் தாண்டுதலில் வென்ற டிஹார்ட் ஹப்பர்ட், தனிநபர் தங்கம் வென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர். 1936இல் ஹிட்லரின் பெர்லினில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் 100 மீட்டர், 200 மீட்டர், நீளம் தாண்டுதல், தொடர் ஓட்டம் என நான்கு தங்கம் வென்றார். அன்று ஒலிம்பிக்கில் இன்றுள்ள கால்தாங்கிக் கட்டைகள் கிடையாது. ஓட்டக்காரர்கள் கையில் ஒரு சிறு கரண்டியோடு வந்து, கரித்தூள் பாவிய தடத்தில் கால் ஊன்றக் குழி தோண்டிக்கொண்டுதான் ஓட்டத்துக்கு நின்றார்கள்.

1960இல் ரோமில், சிறுவயதில் போலியோவால் கால் பாதிக்கப்பட்டிருந்த வில்மா ருடால்ஃப் மூன்று தங்கம் வென்றார். அதே ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு மாரத்தான் ஓடி வென்றார். இந்தியாவின் மில்கா சிங் நான்காவதாக வந்த 400 மீட்டர் ஓட்டத்தில் உலக சாதனையோடு முதலில் வந்தவர் ஆப்பிரிக்க அமெரிக்கரான ஓடிஸ் டேவிஸ். 1968இல் மெக்சிகோவில் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் பதக்க மேடையில் கறுப்புக் கையுறை அணிந்த முஷ்டியை உயர்த்தி, தங்கள் நாட்டின் நிறவெறியை உலகறியச் செய்தார்கள். அதற்காக அவர்கள் அமெரிக்க அணியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.

1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் கார்ல் லூயிஸ் நான்கு தங்கம் வென்று ஓவன்ஸின் சாதனையைச் சமன் செய்தார். அங்கேதான் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்டார். அந்த ஆண்டுதான் இந்திய விளையாட்டு ஆணையமும் தொடங்கப்பட்டது. அதன் சிறப்புப் பகுதி விளையாட்டுத் திட்டத்தின் கீழ், பழங்குடி மக்களிடமும் எல்லைப்புற மக்களிடமும் திறமையைத் தேடிப் பயிற்சியாளர்கள் புறப்பட்டார்கள். மத்திய விளையாட்டுத் துறையை அப்போது கவனித்தவர் கர்நாடகத்தைச் சேர்ந்த மார்கரெட் ஆல்வா. வில்லோடு வளர்ந்த ராஜஸ்தான் பழங்குடியினரிடம் வில்வித்தை வீரர்களைத் தேடியவர்கள், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திகளிடம் ஓட்டக்காரர்களைத் தேடினார்கள்.

விடுதியும் வெற்றியும்

காட்டோரக் குடியிருப்புகளிலிருந்து சிறுவர்களும் சிறுமிகளும் தேர்ந்தெடுக்கப்பட்டு ஆணையத்தின் விடுதிகளில் சேர்க்கப்பட்டார்கள். வீட்டில் ஒருவேளைச் சோறே பாடாக இருந்தவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, பள்ளிப் படிப்பு, ஸ்பைக்ஸ் ஷூ, பயிற்சியாளர் என எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. பலன் சீக்கிரமே தெரிந்தது. மாநில, தேசியப் போட்டிகளில் சித்திப் பிள்ளைகள் பதக்கம் வாங்கினார்கள். கமலா பாபு சித்தி போன்றவர்கள் தேசிய அளவில் பெயர் பெற்றார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலருக்கு அரசு வேலையும் கிடைத்தது.

ஆனால் 1990களின் முற்பகுதியில் திட்டம் கைவிடப்பட்டது. தடகளத்தில் ஒருவர் உச்சத்தைத் தொட எட்டுப் பத்து ஆண்டுகள் பிடிக்கும். பதினான்கு வயதில் சேர்ந்த பிள்ளை இருபத்து நான்கில்தான் உலகப் போட்டிக்குத் தயாராகும். அதற்குள் விடுதி மூடினால், திரும்பிப் போக இருப்பது கூலி வேலைதான். வேலை கிடைத்தவர்களுக்கோ குடும்பத்தைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. இதே சிறப்புப் பகுதித் திட்டத்தில் கண்டெடுக்கப்பட்ட வில்வித்தை வீரர் லிம்பா ராம் 1988 முதல் 1996 வரை மூன்று ஒலிம்பிக்குகளில் பங்கேற்றார். ஆக, திறமையைத் தேடி வளர்க்கும் முறையில் கோளாறு இல்லை. சித்திகள் விஷயத்தில் விளைச்சலுக்குக் காத்திருக்க ஆளில்லை.

மரபணு சொல்வது என்ன

ஆப்பிரிக்க ரத்தம் என்றாலே வேகம் என்ற எண்ணம் இந்தத் திட்டத்தின் அடியில் இருந்தது. அந்த எண்ணம் அறிவியலுக்கு ஒத்துவருவதில்லை. ஆப்பிரிக்கா ஒரே இனத்தின் வீடு அல்ல. உலகிலேயே மரபணு வேறுபாடு மிகுந்த கண்டம் அது. குறுந்தூர ஓட்டத்தில் கொடிகட்டிப் பறக்கும் ஜமைக்கர்களும் ஆப்பிரிக்க அமெரிக்கர்களும் பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்க வழியினர். நெடுந்தூர ஓட்டத்தில் சிறந்து விளங்குவோர் கென்ய, எத்தியோப்பிய மேட்டுநிலத்தவர். சித்திகளின் முன்னோர் பெரும்பாலும் இந்த இரண்டு கூட்டத்திலும் சேராத, தென்கிழக்கு ஆப்பிரிக்கப் பாண்டு மக்கள்.

'வேக மரபணு' என்று அடிக்கடி பேசப்படுவது ஏசிடிஎன்3. தசையில் விரைந்து சுருங்கும் இழைகளுக்கு உதவும் ஒரு புரதத்தை உருவாக்குவது இதன் வேலை. இந்தப் புரதம் அறவே இல்லாதவர்கள் ஐரோப்பியரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். கென்யாவில் நூற்றில் ஒருவர் அளவே. அப்படியானால் கென்யா குறுந்தூர ஓட்டத்தில் உலகை ஆண்டிருக்க வேண்டும். அது புகழ் பெற்றதோ நெடுந்தூரத்தில். மேலும், வேகத்துக்கு உதவும் வடிவம் உலகில் பல நூறு கோடிப் பேரிடம் இருக்கிறது. எல்லோரும் உசைன் போல்ட் ஆகிவிடவில்லை.

பள்ளிக்கூடமும் போட்டியும்

மரபணு இல்லையென்றால் வேறு எது ஓட்டக்காரர்களை உருவாக்குகிறது? ஜமைக்காவில் பள்ளிகளுக்கிடையேயான 'சாம்ப்ஸ்' தடகளப் போட்டி 1910 முதல் நடந்துவருகிறது. கிங்ஸ்டன் தேசிய மைதானம் நிரம்பி வழிய, அது நாட்டின் திருவிழாவாகவே நடக்கிறது. 1980இல் திறக்கப்பட்ட ஜி.சி. ஃபாஸ்டர் கல்லூரி, பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர்களையும் பயிற்சியாளர்களையும் உருவாக்கித் தருகிறது. 2009இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 நொடியில் கடந்த உசைன் போல்ட், கிராமத்துப் பள்ளியிலிருந்து இந்தப் படிக்கட்டுகளில் ஏறியவர்தான்.

கென்யாவின் இட்டென் ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள புனித பாட்ரிக் பள்ளிக்கு 1976இல் அயர்லாந்திலிருந்து புவியியல் ஆசிரியராக வந்த அருட்சகோதரர் கோம் ஓ'கானல், தடகளப் பயிற்சி எதுவும் பெறாதவர். மாணவர்களோடு சேர்ந்தே கற்றுக்கொண்டு, அங்கேயே தங்கிப் பல சாம்பியன்களை உருவாக்கினார். 2012இல் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 நொடியில் ஓடி உலக சாதனை படைத்த டேவிட் ருடிஷா அவருடைய மாணவர். அமெரிக்காவில் வெள்ளையர் கல்லூரிகள் கதவடைத்த காலத்தில் டஸ்கீகி, டென்னசி மாநிலப் பல்கலைக்கழகம் போன்ற கறுப்பினக் கல்வி நிலையங்கள் ஓட்டக்காரர்களை வளர்த்தன. வில்மா ருடால்ஃபை உருவாக்கிய பயிற்சியாளர் எட் டெம்பிள், டென்னசியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். மூன்று இடங்களிலும் பொதுவானவை பள்ளி, ஓயாத போட்டி, ஊரைவிட்டுப் போகாத பயிற்சியாளர் ஆகியவையே.

இந்தியாவிலும் சான்று உண்டு. உஷா, கேரள அரசு 1976இல் கண்ணூரில் தொடங்கிய மாணவியர் விளையாட்டுப் பிரிவில் சேர்ந்து, ஓ.எம். நம்பியாரின் கையில் வளர்ந்தவர். 1984இல் அவர் ஓடிய 55.42 நொடி தேசிய சாதனையை 2023இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் சமன் செய்தவர் கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் வித்யா ராம்ராஜ்.

இன்றைய நிலை

கர்நாடகச் சித்திகள் 2003இல் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். 2020இல் சாந்தாராம் சித்தி கர்நாடக சட்டமேலவையின் நியமன உறுப்பினரானார். ஜாம்பூரைச் சேர்ந்த சமூகப் பணியாளர் ஹீராபாய் லோபிக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. முண்டகோடு வட்டாரத்தில் சித்திப் பிள்ளைகளுக்குத் தன்னார்வ முயற்சியில் மீண்டும் தடகளப் பயிற்சி நடக்கிறது.

வம்சாவளி அல்ல, வாய்ப்பே ஓட்டக்காரர்களை உருவாக்கும் என்ற பாடம் சித்திகளோடு முடிவதில்லை. திருவண்ணாமலை மாவட்டத்து ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளைப் பற்றியும், மலையேறிப் பழகியவர்கள் என்பதால் ஓட்டம் தானாக வரும் என்று பேசிவிடுவது எளிது. உண்டு உறைவிடப் பள்ளியில் ஓட ஒரு தடம், மாற்றலாகிப் போகாத ஓர் உடற்கல்வி ஆசிரியர், ஆண்டுதோறும் தவறாத போட்டி, விளையாட்டு முடிந்தபின் கையில் ஒரு வேலை ஆகியவை இருந்தால், எந்த ஊரிலும் ஓட்டக்காரர்கள் உருவாவார்கள். இவை இல்லாத இடத்தில் வம்சாவளி எதுவானாலும் திறமை மாவட்டப் போட்டியோடு நின்றுவிடும்.