திரையில் ஒரு கோடு: பழுது எங்கே இருக்கின்றது?

கையடக்கத் தொலைபேசியின் திரையில் திடீரெனத் தோன்றும் ஒரு பச்சைக் கோடு இன்று ஒரு குடும்பத்தையே கலக்கமடையச் செய்து விடுகின்றது. மத்திய கிழக்கில் தொழில் புரியும் மகனின் முகத்தைக் காண்பதும், வங்கியிலிருந்து வரும் இரகசிய இலக்கத்தைப் பெறுவதும் அந்த ஒரே திரையில் என்றாகிவிட்டது. எனவே, அது சிமிட்டத் தொடங்கியதுமே பலரும் திருத்துமிடத்துக்கு விரைகின்றனர். திரையை மாற்ற வேண்டும் என்பதே அங்கு அடிக்கடி கிடைக்கும் பதிலாகும்.

ஆனால், திரையில் தெரியும் கோளாறு யாவும் திரையினது கோளாறல்ல. படத்தை உருவாக்குவது தொலைபேசியின் ஒரு பகுதி. அதனைக் காட்டுவது இன்னொரு பகுதி. நாடா போன்ற மெல்லிய இணைப்பொன்று இவ்விரண்டையும் தொடுக்கின்றது. பழுது எப்பக்கம் என்பதைச் செலவின்றி அறிய வழியுண்டு. கோளாறு தெரியும் வேளையில் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, வேறொருவரின் தொலைபேசிக்கு அனுப்பிப் பாருங்கள். அங்கும் கோடு காணப்படுமாயின் பழுது அநேகமாக மென்பொருளில் உள்ளது. அங்கு படம் தெளிவாக இருப்பின் திரையையோ நாடாவையோ சந்தேகிக்கலாம்.

இதற்கும் விதிவிலக்குண்டு. திரையின் ஒளிர்வை ஆளும் மென்பொருள் தவறிழைத்தால் அது ஸ்கிரீன்ஷொட்டில் பதிவாகாது. சில ஐபோன் 12 தொலைபேசிகளின் கறுப்புப் பின்னணியில் தென்பட்ட மங்கலான ஒளிர்வை, 2021 இல் வெளியான மென்பொருள் மேம்படுத்தல் மூலமாகவே அப்பிள் நிறுவனம் குறைத்தது.

இதனிலும் விசித்திரமானது 2020 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் நிகழ்ந்தது. அமெரிக்காவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் எடுக்கப்பட்ட ஏரிக் காட்சியொன்றைப் பின்னணிப் படமாக வைத்த அன்ட்ரொயிட் 10 தொலைபேசிகள் பலவற்றின் திரைகள், ஓயாது ஒளிர்வதும் அணைவதுமாகத் தத்தளித்தன. அப்படத்தின் ஒளி அளவைக் கணிக்கையில் 255 என்ற உச்சவரம்பைத் தாண்டிய பெறுமதியொன்று வந்ததே காரணம். திரைகளில் எப்பழுதும் இருக்கவில்லை. ஆயினும், சிலர் தமது தரவுகள் அனைத்தையும் அழித்தே தொலைபேசியை மீட்க நேர்ந்தது.

தொடாமலே திரை தானாக இயங்குவது வேறொரு தொல்லை. விரல் படும்போது ஏற்படும் நுண்ணிய மின்னேற்ற மாற்றத்தையே தொடுதிரை உணர்கின்றது. தரமற்ற மின்னேற்றியின் மின் இரைச்சல் இவ்வுணர்வைக் குழப்பிவிடும். எமது தொலைபேசிக்கும் ஒருமுறை புதிய திரைக்கான விலை கூறப்பட்டது. குற்றவாளியோ வீதியோரத்தில் வாங்கிய மின்னேற்றி! அதனைக் கழற்றியதும் திரை அடங்கிவிட்டது. சேர்த்த செயலிகளில் ஐயம் இருப்பின், அன்ட்ரொயிட் தொலைபேசியைப் பாதுகாப்பு முறையில் இயக்கிப் பார்க்கலாம்.

மாற்றியே தீர வேண்டிய திரைகளும் உள. ஓ.எல்.இ.டி. திரையின் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வது; காலப்போக்கில் அது தேயும். எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும் குறியீடுகள் நிழலாகப் பதிந்துவிட்டால் அவற்றை அழிக்க வழியில்லை. எல்.சி.டி. திரை இருண்டிருக்கையில் டோர்ச் வெளிச்சத்தில் படம் மங்கலாகத் தெரியுமாயின், பழுது பின்னொளியில் உள்ளது.

திரை ஓரத்தில் மேலெழுந்திருந்தால் மட்டும் எவ்விதப் பரீட்சையும் வேண்டாம். உள்ளே மின்கலம் வீங்கியிருக்கக் கூடும். அதனை அழுத்துவதும் மின்னேற்றுவதும் தீவிபத்துக்கு இட்டுச் செல்லலாம்.

திருத்தக் கொடுக்குமுன் படங்களையும் தொடர்பிலக்கங்களையும் பிரதி செய்துகொள்வது அவசியம். தொடுதல் இயங்காது காட்சி மட்டும் தெரியும் அன்ட்ரொயிட் தொலைபேசிகள் பலவற்றில், சிறிய இணைப்பியொன்றின் மூலம் கணினி மவுஸைப் பொருத்தி இதனைச் செய்ய முடியும். கடவு இலக்கத்தை அந்நியரிடம் ஒப்படைக்கவும் பெண்கள் உள்ளிட்ட பலர் தயங்குவர். நியாயமான தயக்கமே அது. சம்சுங் நிறுவனம் 2022 இல் அறிமுகப்படுத்திய பராமரிப்பு முறையை இயக்கிக் கொடுத்தால், திருத்துபவரால் தொலைபேசியைப் பரிசோதிக்க முடியும்; உரிமையாளரின் படங்களையோ செய்திகளையோ பார்க்க முடியாது.